நிமலன் பெயருக்கு வந்த கடிதம்

1

நான் இருக்கும் ஜெர்மன் நகரத்தில் காலை ஐந்தரைக்கு ஒரு ரயில் இருக்கிறது. வைத்தியசாலைக் குசினி ஒன்றில் எனக்கு வேலை. பதினொரு வருடமாக அந்த ரயிலில்தான் போகிறேன். மாதச் சீட்டு எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். முடிவதற்கு ஒரு கிழமை இருக்கும்போதே அடுத்ததை எடுத்துவிடுவேன். அப்படியிருந்தும் பரிசோதகர் பெட்டிக்குள் ஏறினால் என் கை சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். அவர் என்னிடம் வந்து, பார்த்து, தலையாட்டிவிட்டுப் போகும்வரை ஒழுங்காக இருக்க முடியாது. கூட வேலை செய்கிற ஒருவர் இதைக் கவனித்துவிட்டு, சீட்டு எடுக்காதவன்கூட உன்னைவிட அமைதியாக இருப்பான் என்று பகிடி பண்ணினார். நானும் சிரித்து வைத்தேன்.

காரணம் அவருக்குத் தெரியாது. என் மனைவிக்கும் போன வருடம்வரை தெரியாது. இப்போது தெரியவேண்டிய மூன்று நாலு பேருக்குத் தெரியும். எழுத்தில் வைப்பது இதுதான் முதல் தடவை. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விளங்குகிற மாதிரி இங்கே ஒருவருக்கும் விளங்காது.

போன வருடம் பங்குனி மாதம், வட்டக்கச்சியிலிருந்து அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். மடித்து மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்துபோன ஒரு கடிதத்தின் படம். கூடவே ஒரு குரல் பதிவு.

“தம்பி, இது பூமணி மாமியின்ரை. உங்கட நாட்டுப் பாஷையாம். என்ன எழுதிக்கிடக்கெண்டு வாசிச்சுச் சொல்லு. அவா எனக்குப் பக்கத்திலைதான் இருக்கிறா.”

பூமணி மாமி என் கூட்டாளி நிமலனின் அம்மா. கடிதத்தின் மேல்பக்கத்தில் நிமலனின் முழுப் பெயர் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே வட்டக்கச்சி, கிளிநொச்சி, ஸ்ரீலங்கா. வாசிக்க வேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை. படம் தெளிவாக இல்லை, வேறு எடுத்து அனுப்புங்கோ என்று அக்காவுக்குப் பதில் போட்டேன். படம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது.

2

வன்னியில் எண்பதுகளின் கடைசியில் பிறந்த எங்களுக்கு ரயில் என்பது பாடப்புத்தகத்துப் படம். தண்டவாளத்தைக் கண்டிருக்கிறோம், ஆனால் நிலத்தில் அல்ல, தலைக்கு மேலே. ஷெல்லடிக்குப் பதுங்குகிற பங்கருக்குக் கூரை போட்டது அந்த இரும்பால்தான். தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் குறுக்கே அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டிருப்பார்கள். அதற்குள் குந்தியிருந்து நானும் நிமலனும் கணக்குப் படித்திருக்கிறோம். இந்த இரும்புக்கு மேலே ஒரு காலத்தில் வண்டி ஓடியது என்று பெரியவர்கள் சொன்னால் தலையாட்டுவோம். நம்பினோமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நிமலன் அடுத்த வளவு வீட்டுப் பிள்ளை. என்னைவிட நாலு நாள் மூத்தவன். அந்த நாலு நாளுக்காகத் தன்னை அண்ணை என்று கூப்பிடச் சொல்லி என் காதைப் பிடித்துத் திருகுவான். நியாயம் நீதி பார்க்கிற ஆள். ஒருமுறை ஒட்டுசுட்டான் சிவன் கோயில் திருவிழாவுக்குப் போன பஸ்ஸில் சரியான சனம். கொண்டக்டர் பின்பக்கம் வரவேயில்லை. இறங்கியதும் நான் காசு மிச்சம் என்று ஐஸ்கிறீம் வானைத் தேடினேன். நிமலன் பஸ்ஸின் முன்பக்கம் ஓடிப்போய், நெரிசலுக்குள் கையை விட்டு, இரண்டு பேருக்குமான காசைக் கொடுத்துவிட்டு வந்தான். விசரா உனக்கு என்று அன்று முழுக்க அவனைப் பேசினேன்.

எங்களுக்குத் தெரிந்த பயணம் அந்த பஸ் பயணம்தான். ஏறவேண்டும், இடம் கிடைத்தால் இருக்கவேண்டும். காசைக் கையில் வைத்திருந்தால் கொண்டக்டர் வருவார். இடத்தின் பெயரைச் சொன்னால் துண்டு கிழித்துத் தருவார்.

சண்டை முடிந்த அடுத்த வருடம், ஏஜென்சி மூலமாக நான் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தேன். வந்து மூன்றாம் கிழமை, அகதிகள் விடுதியிலிருந்து நகரத்துக் கந்தோர் ஒன்றுக்கு, பதிவு அலுவலாக, தனியாகப் போகவேண்டி வந்தது. வாழ்க்கையில் முதன்முதலாக ரயிலில் ஏறினேன். ஏறி, யன்னல் பக்கம் இருந்து, இரண்டு யூரோ நாணயக் குற்றியைக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு கொண்டக்டர் வரும்வரை காத்திருந்தேன். நல்ல வெயில் நாள். என்ன வடிவான நாடு என்று நினைத்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது.

தோளில் பையும் கையில் சின்ன மெஷினுமாக ஒருவர் வந்தார். எனக்குச் சந்தோசம். குற்றியை நீட்டி, இறங்குகிற இடத்தின் பெயரைச் சொல்லிச் சிரித்தேன். அவர் குற்றியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. அவர் கேட்டது துண்டை, நான் நீட்டியது காசை. இலஞ்சம் கொடுக்கிறேன் என்று நினைத்திருப்பார் என்பது எனக்கு நாலைந்து வருடம் கழித்துத்தான் விளங்கியது.

3

இதுவரை நடந்தது அறியாமல் செய்த பிழை. அதற்காக என்னை நானே மன்னித்து எத்தனையோ காலம். இனிமேல் சொல்லப்போவது அப்படியில்லை.

விடுதியில் இருந்த பழைய ஆட்கள் எனக்கு ஒரு புத்தி சொல்லித் தந்திருந்தார்கள். எங்கேயாவது பிடிபட்டால் சொந்தப் பெயரைச் சொல்லாதே, உன்னுடைய அகதி வழக்குப் பழுதாகிவிடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். விடுதி அட்டை நான் காலில் போட்டிருந்த சப்பாத்துக்குள் இருந்தது. பரிசோதகர் ஆங்கிலத்தில் பெயர் கேட்டார். நான் நிமலனின் பெயரைச் சொன்னேன். அப்பாவின் பெயரோடு சேர்த்து, ஒவ்வொரு எழுத்தாக. பிறந்த திகதி கேட்டார். எனக்கு நாலு நாள் முந்திய அந்தத் திகதியைச் சொன்னேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். அந்தக் கேள்வியை எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் நூறு தரம் கேட்டிருக்கிறோம், மனப்பாடமான பதில் வாயில் தானாக வந்தது. வட்டக்கச்சியில் இருக்கிறேன் என்றேன். அவர் அதையும் எழுத்துக் கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டார். வட்டாரம், வீட்டு இலக்கம் எல்லாம் சொன்னேன். என்ன காரணமோ, பொலிஸைக் கூப்பிடாமல் ஒரு நீளத் துண்டைக் கையில் தந்துவிட்டுப் போனார். அடுத்த நிலையத்தில் இறங்கி அதைக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

ஏன் நிமலன்? வேறு பெயர் இல்லையா? படித்த வகுப்பில் முப்பத்தாறு பேர் இருந்தோம்.

கடைசி நாட்களில், கடற்கரைப் பக்கம், தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று கானைத் தூக்கிக்கொண்டு போனவன் நிமலன். பிறகு நான் அவனைக் காணவில்லை. வவுனியா முகாமில் பூமணி மாமி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். அவன் இறந்ததை நான் பார்க்கவில்லை, பார்த்த ஒருவரையும் சந்திக்கவில்லை. ஆனால் அந்த ரயில் பெட்டிக்குள், பெயர் என்ன என்று கேட்ட நொடியில், இவனுக்கு இனி என்ன வரப்போகிறது, இவனை யார் தேடிப் பிடிக்கப்போகிறார்கள் என்று என் மனம் கணக்குப் போட்டுவிட்டது. அவனுடைய அம்மா ஒவ்வொரு கந்தோராக ஏறி, என் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே மாதத்தில், நான் அவனைச் செத்தவர் கணக்கில் வைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. அப்போது வெட்கம் வரவில்லை, தப்பினேன் என்ற நிம்மதிதான் வந்தது.

4

இந்த நாட்டில் கட்டவேண்டியதைக் கட்டாவிட்டால் ஞாபகமூட்டி ஒரு கடிதம் வரும். மானுங் என்பார்கள். இங்கே இருக்கும் எங்கள் சனத்துக்கு அந்தச் சொல் முதல் வருடத்திலேயே பாடம். மானுங் வந்தால் மானம் போச்சு என்று பகிடி விடுவோம். விலாசம் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அனுப்பிவிடுவார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

அக்கா அனுப்பிய படத்தை என் மகள் பார்த்துவிட்டாள். பன்னிரண்டு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் நினைப்பது ஜெர்மனில். என் போனை எடுத்து வைத்திருந்தவள், குசினிக்குள் வந்து நின்று சொன்னாள்:

“அப்பா, ஆரோ ஒரு மாமா ரயிலிலை கறுப்பாய்ப் போயிருக்கிறார்.”

சீட்டில்லாமல் போவதற்கு ஜெர்மனில் இருக்கும் சொல் ‘கறுப்பு’ என்றுதான் தொடங்கும். அதை அப்படியே தமிழாக்கிவிட்டாள். வேறு நாளென்றால் சிரித்துத் திருத்தியிருப்பேன். அந்த மாமா யார், பிறகு காசு கட்டினாரா, ஏன் இந்த ஊர்க் கடிதம் அங்கே போனது என்று கேட்டுக்கொண்டே நின்றாள். மனைவியும் வந்து வாசலில் நின்றாள். அன்றைக்குச் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

மனைவி போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி அந்தப் பெயரைப் பார்த்தாள். மகள், அந்த அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், சொல்லிப்போட்டீங்களோ என்று கேட்டாள். அதற்கு அடுத்த நாளும் கேட்டாள். பிள்ளை எங்களைவிட்டு விலகிப்போகிறது, எங்கள் கதைகள் ஒன்றும் அவளுக்குத் தேவையில்லை என்று நான் அடிக்கடி குறைப்படுகிற பிள்ளை. ஒரு கிழமையாக விடாமல் கேட்டாள். போனில் சொல்கிற விஷயமா இது? குசினியில் லீவு கேட்டு, விமானச் சீட்டு எடுத்தேன்.

5

கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு ரயிலில் போனேன். வாகனத்தில் வரலாமே என்று அக்கா சொன்னார், நான் கேட்கவில்லை. சீட்டை வழி முழுக்கக் கையில் வைத்திருந்தேன். வவுனியா தாண்டியதும் காடும் குளமும் வயலும் யன்னலில் ஓடின. நாங்கள் தலைக்கு மேல் போட்டுப் படுத்த இரும்பு இப்போது காலுக்குக் கீழே. கிளிநொச்சி நிலையத்து வாசலில் நின்றவர் சீட்டைக் கேட்டு வாங்கினார். இறங்கும்போது சீட்டைக் கொடுத்துவிட வேண்டுமாம். எனக்குக் கொடுக்க மனமில்லை. இரண்டாம் தரம் கேட்ட பிறகுதான் விரலைத் தளர்த்தினேன்.

பூமணி மாமி இடையில் பல வருடம் நெடுங்கேணியில் மகள் வீட்டில் இருந்தவர். போன வருடம்தான் சொந்தக் காணிக்குத் திரும்பி வந்திருந்தார். முழங்கால் ஏலாது. என்னைக் கண்டதும் எழும்ப முயன்று, முடியாமல் கதிரையிலேயே இருந்து, என் முகத்தைத் தடவினார். பிறகு அக்காவிடம் அலுமாரியைத் திறக்கச் சொன்னார். நிமலனின் பள்ளிக்கூடச் சான்றிதழ்களுக்கு நடுவே, பொலித்தீன் உறைக்குள் அந்தக் கடிதம் இருந்தது.

மாமி சொன்ன கதை இது. மீளக் குடியேறித் தகரக் கொட்டிலில் இருந்த நாட்களில் தபால்காரர் அதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். சான்றிதழில் பார்த்துப் பார்த்து, மகனுடைய பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கும் என்று மாமிக்குத் தெரியும். திகதியும் தெரிந்தது, இலக்கத்துக்குப் பாஷை இல்லைத்தானே. சண்டை முடிந்து ஒரு வருடத்துக்குப் பிந்திய திகதி. பிள்ளை உயிரோடு, ஏதோ ஒரு வெளிநாட்டில் இருக்கிறான். அதை ஒருவரிடமும் காட்டவில்லை. அப்போது வீடு வீடாக வந்து விசாரிக்கிற காலம். வெளியில் தெரிந்தால் அவனுக்கு ஆபத்து வரும் என்று பயந்து, மகளுக்குக்கூடச் சொல்லாமல் ஒளித்து வைத்தார். மரண அத்தாட்சிப் பத்திரம் எடுங்கோ என்று கிராம சேவகர் சொன்னபோது எடுக்க மறுத்தார். ஒவ்வொரு வருடமும் அவனுடைய நட்சத்திரத்துக்குப் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை செய்தார். முழங்காலும் ஏலாமல் போய், இனித் தனியாகத் தேட முடியாது என்று ஆன பிறகுதான் அக்காவிடம் முதன்முதலாக எடுத்துக் காட்டினாராம்.

காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் தெருவோரக் கொட்டகையில் போராட்டம் இருந்தபோது, மாமியும் படத்தைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு இருந்தார். எத்தனையோ கந்தோர்களுக்கு ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் பதிவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பேரிலை ஒருத்தரும் இல்லை என்றுதான் சொன்னார்கள். மற்றத் தாய்மார் குழறி அழுவார்கள். மாமிக்கு அழுகை வராது, வீட்டில் கடிதம் இருக்கிறதே.

“அதுகளுக்கு முன்னாலை நான் கள்ளி மாதிரி இருந்தனான், தம்பி. அதுகளுக்கு ஒண்டும் இல்லை, எனக்குக் கடிதம் கிடக்கு. சொல்லவும் ஏலாது.”

என்னுடைய ஒரு பொய், ஒரு பாவமும் அறியாத மனுசியையும் குற்றவாளி மாதிரி உட்கார வைத்திருக்கிறது. மாமி கடிதத்தில் ஒரு இலக்கத்தைத் தொட்டுக் காட்டினார். நாற்பது.

“இது அவன்ரை வீட்டு நம்பராக்கும். நீ அங்கைதானே இருக்கிறாய். ஒருக்காப் போய்ப் பாக்கமாட்டியோ?”

“மாமி, அது வீட்டு நம்பர் இல்லை. தண்டக்காசு. ரிக்கற் இல்லாமல் போனதுக்கு. அண்டைக்குப் பிடிபட்டது நிமலன் இல்லை, நான். நான்தான் அவன்ரை பேரைச் சொன்னனான்.”

அக்கா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் அப்படியே நின்றுவிட்டார். மாமி என்னைப் பார்க்கவில்லை. கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் காயப்போட்ட நெல்லுக்குக் கோழி வந்தது, கலைக்க ஒருவரும் எழும்பவில்லை.

“உனக்கு ஏன் அவன்ரை பேர் வாயிலை வந்தது?”

பொய் சொல்ல நூறு வழி இருந்தது. பயத்தில் வந்தது என்று சொல்லியிருக்கலாம். பதினைந்து வருடம் அந்தக் கடிதத்தைக் கும்பிட்டு வைத்தவரிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை.

“அவன் இனி வரமாட்டான் எண்டு நினைச்சிட்டன், மாமி.”

“நான் நினைக்கேல்லையே,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நெடுநேரம் கழித்து, அந்தத் தண்டத்தைக் கட்டினாயா என்று கேட்டார். இல்லை என்றேன். மாமி கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் நீட்டினார். பொலித்தீன் உறையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“என்ரை பிள்ளை ரிக்கற் எடுக்காமல் கோச்சியிலை போனவன் எண்டு ஒரு கந்தோரிலையும் கிடக்கக்கூடாது. போய்க் கட்டு. கட்டின துண்டைக் கொண்டுவந்து தா.”

ஒட்டுசுட்டான் பஸ்ஸின் முன்பக்கம் ஓடியவனை நினைத்துக்கொண்டேன். அந்தக் கதை மாமிக்குத் தெரியாது. சொல்லவேண்டும் போல இருந்தது. சொல்வதற்கு எனக்கு என்ன அருகதை என்று வாயை மூடிக்கொண்டேன்.

6

திரும்பி வந்த கிழமையே ரயில் கந்தோருக்குப் போனேன். கூட வரவா என்று மகள் கேட்டாள், கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கடிதத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். எங்கே வைத்திருந்தீர்கள் இதை என்று கேட்டார். பெயரை எழுத்துக் கூட்டச் சொன்னார். நான் கூட்டினேன், அன்று பெட்டிக்குள் கூட்டியது போலவே, ஒவ்வொரு எழுத்தாக. கணினியில் தட்டிப் பார்த்தார். மேலதிகாரியிடம் போய் வந்தார். இவ்வளவு பழைய பதிவுகளை வைத்திருக்க மாட்டார்களாம், சட்டப்படி அழித்துவிடுவார்களாம்.

பரவாயில்லை, இப்போது கட்டுகிறேன் என்றேன். பதிவு இல்லாமல் காசு வாங்க முடியாது என்றார். அன்று பொய்ப்பெயர் சொன்னது நான்தான், என் பெயரில் எழுதுங்கள் என்றேன். மகள் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதற்கும் காலம் கடந்துவிட்டது, உங்களுக்கு அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சிரித்தார். நல்ல மனுசி. எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பார். சரி, அந்தப் பெயரில் குற்றம் ஒன்றும் இல்லை என்றாவது எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். அதற்கும் வழியில்லை. அந்தப் பெயரில் எங்களிடம் ஒருவரும் இல்லை என்றார்.

வருகிற வழியில் எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது, மறைக்கவில்லை. ஒரு ரசீதை நானே தயாரித்து, முத்திரை மாதிரி ஒன்றைப் போட்டு அனுப்பிவிடலாம். ஜெர்மன் தெரிந்தவர் வட்டக்கச்சியில் யார் இருக்கிறார்கள். மாமி அதை அந்தப் பொலித்தீன் உறைக்குள் வைத்திருப்பார். பக்கத்தில் இருந்த மகளின் கையில் அவளுடைய சீட்டு இருந்தது. அந்த யோசனையை அந்த ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் போனுக்கு எடுத்தேன். மாமி பக்கத்திலேயே காத்திருந்திருக்கிறார். சுகம் விசாரிக்கவில்லை. துண்டு எடுத்தியோ தம்பி என்றார்.

“போனனான், மாமி. கட்ட விடேல்லை. தேடிப் பாத்தவை. அந்தப் பேரிலை ஒருத்தரும் இல்லையாம்.”

சொன்ன பிறகுதான், இந்தச் சொல்லை அவர் எத்தனை கந்தோர்களில், எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பார் என்பது என் மண்டையில் ஏறியது. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறவில்லை.

“அப்ப அங்கையும் இல்லை,” என்றார் மாமி.